யூடியூப் சேனல்: முதல் வீடியோவுக்கு முன்னால் முதல் பூட்டு

யூடியூபில் சேனல் தொடங்க ஒரு கூகுள் கணக்கும் ஒரு பெயரும் போதும். கட்டணம் கிடையாது, சிபாரிசும் வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமத்திலிருந்து சமைத்துக் காட்டிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021-ல் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களைத் தொட்டது இந்த வாசல் வழியாகத்தான். ஆனால், 2024 செப்டம்பர் 20 அன்று நம் உச்ச நீதிமன்றத்தின் யூடியூப் சேனலையே யாரோ கைப்பற்றி, அதில் கிரிப்டோ கரன்சி விளம்பரத்தை ஓடவிட்டார்கள். வழக்கு விசாரணைகள் நேரலையாகும் சேனலுக்கே அந்த நிலை.

கும்பகோணத்தில் தையல் வகுப்பு நடத்தும் என் சித்திக்காக ஒரு புதுச் சேனலை அடியிலிருந்து அமைத்துப் பார்த்தேன். ஒரு ஆண்ட்ராய்டு ஃபோன், ஒரு லேப்டாப், யூடியூப் ஸ்டூடியோ, இவ்வளவுதான் கருவிகள். பார்க்க விரும்பியது ஒன்றைத்தான்: அனுபவமில்லாத ஒருவர் தன் உழைப்பைப் பத்திரமாக வைத்துக்கொள்ள இந்தச் செயலி எந்த அளவுக்கு வழிகாட்டுகிறது?

சேனல் யார் பெயரில்?

“என் மெயில் எதுக்குப்பா? உன் மெயில்லயே ஆரம்பிச்சுடேன், எனக்கு இதெல்லாம் தெரியாது” என்றார் சித்தி. தமிழ்நாட்டில் பாதிச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. சமைப்பவர் அம்மா, மெயில் மகனுடையது. பாடுபவர் ஒருவர், மெயில் எடிட்டிங் செய்து தரும் தம்பியுடையது. உறவு சரியாக இருக்கும்வரை எதுவும் தெரியாது. மனக்கசப்பு வந்த அன்று, யாருடைய மெயிலோ அவர்தான் யூடியூபின் கண்ணுக்கு உரிமையாளர்.

“சித்தி, வேலை உங்களோடது, சேனலும் உங்க மெயில்லதான் இருக்கணும்” என்று சொல்லி, சேனலுக்கென்றே அவர் பெயரில் புது ஜிமெயில் ஒன்றைத் திறந்தோம். வங்கி, ஆதார் போன்றவற்றுக்குப் பயன்படும் பழைய மெயிலை இதில் கலக்கவில்லை. லாகின் செய்யும் இந்த மெயில் முகவரி வெளியே எங்கும் தெரியக் கூடாது. சேனலின் ‘அபௌட்’ பகுதியில் தொடர்புக்காகப் போட வேறொரு மெயில் வைத்துக்கொள்ள வேண்டும். எந்தக் கதவைத் தட்டுவது என்று திருடனுக்கு நாமே சொல்லக் கூடாது.

அடுத்த முடிவு, சேனலுக்கெனத் தனியாக அமைக்கும் ‘பிராண்ட் அக்கவுண்ட்’ வேண்டுமா என்பது. சொந்த கூகுள் கணக்கோடு நேரடியாக ஒட்டிய சேனலின் உரிமையை அப்படியே இன்னொருவருக்கு மாற்றித்தர முடியாது. பிராண்ட் அக்கவுண்டில் முடியும். அதற்குத் தனி பாஸ்வேர்ட் கிடையாது, உரிமையாளரின் கூகுள் கணக்கு வழியாகவே நுழைய வேண்டும். நாளை சேனல் ஒரு குடும்பத் தொழிலாக வளரும் என்று நினைப்பவர்கள் முதல் நாளே இந்த வழியில் போவது நல்லது. யூடியூபோ இந்த வேறுபாட்டைத் தொடக்கத் திரையில் விளக்குவதே இல்லை. இது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது.

பெயரும் சரிபார்ப்பும்

சேனல் பெயரையும் ஹேண்டிலையும் 14 நாட்களுக்குள் இரண்டு முறைதான் மாற்றலாம். ‘@’ குறியோடு தொடங்கும் ஹேண்டில் உலகம் முழுவதிலும் தனித்துவமானது. அவசரத்தில் எண்களைக் கோத்து எதையாவது பதிவதைவிட, வகுப்பின் பெயர்ப்பலகையில் உள்ள பெயரையே சுருக்கமாகப் போட்டோம். வாயால் சொன்னாலே டைப் செய்துவிடலாம்.

ஃபோன் எண்ணைச் சரிபார்த்ததும் 15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோ, சொந்தத் தம்ப்நெயில், நேரலை ஆகிய மூன்றும் திறக்கின்றன. ஒரே எண்ணில் ஆண்டுக்கு இரண்டு சேனல்களைத்தான் சரிபார்க்க முடியும். நேரலையை முதன்முறை இயக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். ஃபோனிலிருந்து நேரலை போக 50 சப்ஸ்கிரைபர்கள் வேண்டும். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ நேரலை வைப்பவர்கள் இதை முன்கூட்டியே முடித்துவிட வேண்டும்.

பூட்டு

கூகுள் கணக்கின் ‘செக்யூரிட்டி’ பக்கம் நன்றாக வடிவமைக்கப்பட்டிருக்கிறது. பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்கும் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை இயக்குவது எளிது. குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியை மட்டும் நம்ப வேண்டாம்; சிம் தொலைந்தாலோ, யாராவது டூப்ளிகேட் சிம் வாங்கினாலோ அது உதவாது. பாஸ்கீ இதைவிடச் சிறந்தது. ஃபோனில் விரல் வைத்தால் போதும், போலித் தளத்தில் டைப் செய்து ஏமாறப் பாஸ்வேர்டே தேவைப்படாது. சித்திக்குப் பாஸ்வேர்டைவிட இதுதான் சுலபமாகவும் இருந்தது.

அதே பக்கத்தில் பேக்கப் கோடுகள் கிடைக்கும். எட்டு இலக்கம் கொண்ட பத்து எண்கள். ஒவ்வொன்றையும் ஒருமுறைதான் பயன்படுத்தலாம். இவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே ஃபோனில் வைப்பதில் பயனில்லை. ஃபோன் போனால் கூடவே எண்களும் போய்விடும். ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டு, பத்திரங்கள் இருக்கும் பீரோவிலேயே வைக்கச் சொன்னேன். ரெக்கவரி மெயிலும் ரெக்கவரி எண்ணும் நம்பிக்கையான குடும்பத்தினர் ஒருவருடையதாக இருக்கட்டும்.

ஆள் சேர்க்கும் முறை

யூடியூப் ஸ்டூடியோவில் எனக்கு மிகவும் பிடித்தது ‘பெர்மிஷன்ஸ்’ பக்கம். செட்டிங்ஸுக்குள் போனால் கிடைக்கும். எடிட்டிங் செய்பவரின் மெயிலைக் கொடுத்து அழைப்பு அனுப்பினால், அவர் தன் சொந்தக் கணக்கிலிருந்தே வேலை செய்யலாம். நம் பாஸ்வேர்ட் அவருக்குத் தெரிய வேண்டியதே இல்லை.

‘மேனேஜர்’ மற்றவர்களைச் சேர்க்கலாம், நீக்கலாம். சேனலை அழிக்க முடியாது. ‘எடிட்டர்’ வீடியோ ஏற்றலாம், வெளியிடலாம், திருத்தலாம். வெளியான வீடியோவை அழிக்கவோ வேறு ஆட்களைச் சேர்க்கவோ முடியாது. ‘எடிட்டர் லிமிடெட்’ என்றால் வருமானக் கணக்கும் தெரியாது. ‘வியூவர்’ பார்க்க மட்டும். சம்பளத்துக்கு எடிட் செய்து தருபவருக்கு எடிட்டர் லிமிடெட் தாராளமாகப் போதும். வேலை முடிந்ததும் ஒரே தட்டலில் நீக்கிவிடலாம், யாருக்கும் சங்கடமில்லை.

பிராண்ட் அக்கவுண்டுக்கெனப் பழைய அனுமதிப் பட்டியல் ஒன்று கூகுள் கணக்கில் தனியாக இருக்கிறது. இரண்டும் சேர்ந்து குழப்பும். ஸ்டூடியோவின் பெர்மிஷன்ஸ் முறைக்கு மாறி, அங்கு மட்டும் ஆட்களைச் சேர்ப்பது தெளிவு.

ஸ்பான்சர் என்ற பெயரில் வருவது

சேனல் கொஞ்சம் வளர்ந்ததும் வரும் முதல் ஆபத்து பாராட்டு வடிவில் வரும். ‘உங்கள் வீடியோக்கள் அருமை, எங்கள் பொருளை அறிமுகம் செய்ய விருப்பமா?’ என்று ஒரு மெயில். பதில் போட்டால், ஒப்பந்தம் என்று ஒரு ஃபைல். விண்டோஸ் கணினி ஃபைலின் கடைசி எழுத்துகளை இயல்பாகவே மறைத்துவிடுகிறது. அதனால் ‘கான்ட்ராக்ட்.பிடிஎஃப்.ஈஎக்ஸ்ஈ’ என்ற மென்பொருள், திரையில் வெறும் ‘கான்ட்ராக்ட்.பிடிஎஃப்’ என்று சாதுவாகத் தெரியும். திறந்தால் ஒப்பந்தம் எதுவும் வராது. பிரவுசரில் நாம் லாகின் செய்திருப்பதற்கு அடையாளமான குக்கிகள் பின்னணியில் வெளியே போய்விடும். அவற்றை வைத்து திருடன் நேரே உள்ளே நுழைவான்; பாஸ்வேர்டும் கேட்காது, ஓடிபியும் கேட்காது.

2021 அக்டோபரில் கூகுளின் பாதுகாப்புக் குழுவே இதைப் பற்றி விரிவாக எழுதியது. திருடிய சேனல்கள் 3 டாலரிலிருந்து 4,000 டாலர் வரை விற்கப்பட்டதாக அதில் இருக்கிறது. 2023 மார்ச்சில், ஒன்றரைக் கோடி சப்ஸ்கிரைபர்கள் கொண்ட ‘லைனஸ் டெக் டிப்ஸ்’ சேனல் இதே வழியில்தான் பறிபோனது. கணினியையே தொழிலாகக் கொண்டவர்கள் அவர்கள். ஊழியர் ஒருவர் திறந்த ஒற்றை ஃபைல்தான் காரணம்.

தற்காப்பு எளிது. விண்டோஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ‘வியூ’ பகுதியில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை இயக்கிவிடுங்கள். வியாபார மெயில்களைச் சேனல் லாகின் இல்லாத ஃபோனிலோ கணினியிலோ மட்டும் திறங்கள். கிராக் செய்த எடிட்டிங் மென்பொருளைச் சேனல் கணினியில் ஏற்றவே வேண்டாம். 2025 மார்ச்சில், யூடியூப் தலைமைச் செயல் அதிகாரி நீல் மோகன் பேசுவது போன்ற ஏஐ வீடியோவைப் ‘பிரைவேட் வீடியோ’வாகப் பகிர்ந்து ஏமாற்றும் மோசடி வந்தது. பிரைவேட் வீடியோ வழியாகத் தாங்கள் யாரையும் தொடர்புகொள்வதே இல்லை என்று யூடியூப் அப்போது தெளிவாகச் சொன்னது.

முதல் வீடியோவுக்கான அமைப்புகள்

ஒவ்வொரு வீடியோவுக்கும் அது குழந்தைகளுக்கானதா என்று யூடியூப் கேட்கும். அமெரிக்காவில் 2019-ல் யூடியூபுக்கு விதித்த 17 கோடி டாலர் அபராதத்துக்குப் பிறகு வந்த விதி இது. ஆம் என்றால் கமெண்ட் மூடப்படும், விளம்பர வருமானமும் குறையும். பட்டுப்பாவாடை தைக்கச் சொல்லித்தரும் வீடியோ குழந்தைகளுக்கான உடையைப் பற்றியதுதான். பார்ப்பவர்கள் பெரியவர்கள் என்பதால் ‘இல்லை’ என்பதே சரியான பதில்.

சினிமாப் பாட்டைப் பின்னணியில் ஓடவிடும் பழக்கத்தை முதல் நாளே விட வேண்டும். 90 நாட்களுக்குள் மூன்று காப்பிரைட் ஸ்ட்ரைக் வந்தால் சேனலே மூடப்படலாம். ஸ்டூடியோவிலேயே இலவச ஆடியோ லைப்ரரி இருக்கிறது. தையல் பாடத்துக்கு அதில் உள்ள இசை தாராளம்.

பெண்கள் நடத்தும் சேனல்களுக்குக் கமெண்ட் அமைப்பு மிக முக்கியம். சந்தேகமான கமெண்ட்டுகளை நிறுத்திவைக்கும் வசதியைக் கடுமையான நிலையில் வைத்தோம், இணைப்புகளைத் தடுத்தோம். தடுக்க வேண்டிய சொற்களின் பட்டியலில் வசவுகளைத் தமிழ் எழுத்திலும், ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதும் முறையிலும் சேர்க்க வேண்டும். ஒன்றை விட்டால் மற்றொன்றில் வருவார்கள். வீட்டு வாசல், வண்டி எண், பிள்ளைகளின் பள்ளிச் சீருடை ஆகியவை ஃப்ரேமுக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்டர் எடுப்பவர்கள் வாட்ஸ்அப்புக்குத் தனி எண் வைத்துக்கொள்ளுங்கள்.

வருமானம்

500 சப்ஸ்கிரைபர்கள், 90 நாட்களில் மூன்று வீடியோக்கள், அவற்றோடு ஓராண்டில் 3,000 மணி நேரப் பார்வையோ 90 நாட்களில் 30 லட்சம் ஷார்ட்ஸ் பார்வையோ இருந்தால், ரசிகர்கள் நேரடியாகத் தரும் ஆதரவைப் பெறும் முதல் படி திறக்கிறது. விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்கிரைபர்களும், 4,000 மணி நேரமோ ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வையோ வேண்டும். நீள வீடியோ விளம்பரத்தில் படைப்பாளிக்கு 55 சதவீதம், ஷார்ட்ஸில் 45 சதவீதம்.

வருமானம் வந்து சேரும் ஆட்சென்ஸ் கணக்கும் உழைப்பவர் பெயரிலேயே, அவர் வங்கிக் கணக்கோடு இருக்க வேண்டும். 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் பின் எண் வரும். 100 டாலர் சேர்ந்தால் பணம் வரும். அமெரிக்க வரி விவரத்தை நிரப்பினால் அமெரிக்கப் பார்வையாளர்கள் வழியாக வரும் தொகைக்கு 15 சதவீதம்தான் பிடித்தம். நிரப்பாவிட்டால் மொத்த வருமானத்திலும் 24 சதவீதம் வரை போகலாம். காசுக்குச் சப்ஸ்கிரைபர் விற்பவர்கள் பக்கம் போகவே வேண்டாம். அது விதிமீறல், சேனலுக்கே ஆபத்து.

நிறைகள்

பெர்மிஷன்ஸ் பக்கத்தின் தெளிவு, பாஸ்கீயின் எளிமை, இலவச இசை, கமெண்ட்டுகளின் மீது கிடைக்கும் நுணுக்கமான கட்டுப்பாடு.

குறைகள்

பிராண்ட் அக்கவுண்ட் பற்றி ஒரு வார்த்தை விளக்கமில்லை. அனுமதிப் பட்டியல் இரண்டு இடங்களில் இருக்கிறது. டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை 2021 நவம்பரில் வருமானம் ஈட்டும் சேனல்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். முதல் வீடியோ போடும் சித்தியிடம் அதை யாரும் கேட்பதில்லை. பாதுகாப்பு முதல் நாளே தேவை.

தீர்ப்பு

புதிதாகத் தொடங்கும் தமிழ்ப் படைப்பாளிக்கு யூடியூப்தான் இன்றும் என் முதல் பரிந்துரை. பாதுகாப்புக்கான கருவிகள் எல்லாமே இலவசமாக உள்ளே இருக்கின்றன. தேடி இயக்கும் வேலை மட்டும் நம்முடையது. ஒரு மாலை நேரம் அதற்குப் போதும்.

ஒரே தளத்தை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடைசெய்யப்பட்டபோது, பலரின் வீடியோக்கள் ஒரே இரவில் கையைவிட்டுப் போயின. மூல வீடியோக்களை ஒரு ஹார்ட் டிஸ்கில் சேமித்து வையுங்கள். சேனல் பறிபோனால் வேறொரு கருவியிலிருந்து உடனே பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலும் லாக்-அவுட் செய்து, யூடியூப் உதவிப் பக்கத்தில் முறையிடுங்கள். பண இழப்பு இருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். உங்கள் வீட்டில் ஏற்கெனவே யாராவது சேனல் நடத்தினால், அது யார் மெயிலில் இருக்கிறது என்று இன்றைக்கே கேளுங்கள். உழைப்பவர் பெயரில் இல்லையென்றால் முதலில் அதை மாற்றுங்கள். அடுத்த வீடியோவைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.