கடம்பூர் மாளிகையும் உடையார்குடிக் கல்லும்

கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில் ஆதித்த கரிகாலன் மாண்ட மாளிகையைத் தேடி, சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் வழியே மேலக்கடம்பூர் செல்வோர் உண்டு. அங்கே காண்பது என்ன? தேர் வடிவில் முதற் குலோத்துங்கன் காலத்துக் கற்கோயில், மாளிகை இல்லை! கடவுளுக்குக் கருங்கல், காவலனுக்குச் செங்கல்லும் மரமும் என்றிருந்த காலம் அது. பேரரசின் தலைநகராம் கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டிலேயே 1980 முதல் அகழ்ந்தோர் கண்டவை செங்கற் சுவரடியும், கூரை ஓடும், இரும்பாணியும் போன்றவையே. சிற்றரசன் இல்லமா எஞ்சும்? அதுவும், சம்புவரையர் ஓங்கியது பிந்திய நூற்றாண்டுகளில், வடக்கே படைவீட்டுப் பக்கத்தில்!

கற்பனை குற்றமன்று, அவ்வருணனையை நாமும் சுவைத்தவரே. ஆனால், சில கல் தொலைவில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயிற் சுவரில் உள்ள கல்வெட்டை எத்தனை பேர் நாடினர்? இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டினது என அறிஞர் கொள்ளும் அது, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் எனச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சுட்டிக் கூறுகிறது. சுற்றத்தாரின் உடைமையும் பறிபோனதைச் சொல்கிறது. கதையின் இரவிதாசன் மந்திரவாதி. கல்லின் இரவிதாசனோ 'பஞ்சவன் பிரமாதிராசன்' எனப் பட்டம் தாங்கிய பார்ப்பன அதிகாரி! கொன்றவர் யார் என்பதை 5 பாகங்களிலும் ஐயத்திலேயே விட்டது கதை.

கொலைக்களம் கடம்பூர் என்று அக்கல் எங்கும் சொல்லவுமில்லை.