சின்ன ஜெட்டின் சுகமே தனி

சென்னைக்கும் திருச்சிக்கும் நடுவே வரைபடத்தில் ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்கள். எங்கள் திட்டக்குடி அந்தக் கோட்டின் மேலேயே கிடக்கிறது. ஏர்லைன்ஸில் ஏடிஆர் விமானம் ஓட்டிய காலத்தில் இடப்பக்கம் நெய்வேலிச் சுரங்கம் தெரிந்ததுமே மனசு துள்ளும். அடுத்து வெள்ளாறு, அதை ஒட்டி ஊர், கொஞ்சம் தள்ளி வெலிங்டன் ஏரி. அந்த வேலையை இன்றும் கும்பிடுகிறேன். ஆனாலும், விமானம் ஓட்டுவதன் முழு ருசி தெரிந்தது தனியார் ஜெட்டுக்கு வந்த பிறகுதான்!

ஏர்லைன்ஸில் நாம் போய்ச் சேரும்போதே பாதி வேலை முடிந்திருக்கும். பிளைட் பிளான் தயார், பெட்டி ஏற்ற ஆள் தயார். இங்கே ராத்திரி போன் வரும்: "சார், காலையில ஆறு மணிக்கு ஓசூர், அங்கேருந்து புட்டபர்த்தி, சாயந்திரம் சென்னை." அவ்வளவுதான், மூளை பறக்க ஆரம்பித்துவிடும். ஓடுதளம் நம் விமானத்துக்குப் போதுமா, இருட்டினால் அங்கே விளக்கு உண்டா, எரிபொருள் கிடைக்குமா, நிறுத்த இடம் இருக்கிறதா, வான்பாதுகாப்பு அனுமதி எண் வந்துவிட்டதா? எல்லாவற்றையும் நானும் துணை விமானியும்தான் பார்க்க வேண்டும். பயணியின் பெட்டியைத் தூக்கி வைப்பதும் நாங்களே. அதில் எனக்குத் துளியும் கௌரவக் குறைச்சல் இல்லை. ஒரு பயணத்தை முதலிலிருந்து கடைசிவரை என் கையாலேயே செய்து முடிக்கிறேன் என்ற நிறைவு இருக்கிறதே, அதற்கு ஈடே கிடையாது.

அந்த உயரம் இன்னொரு போதை. ஏர்லைன்ஸின் ஏ320 விமானம் சுமார் 39,000 அடியோடு நின்றுவிடும். எம்ப்ரேயர் பீனம் 300 என்கிற குட்டி ஜெட் 45,000 அடிவரை போகும். ஐப்பசி மழை மேகங்களில் பெரும்பாலானவை காலடியில் கிடக்க, கருநீல வானத்தில் போவதை வாயால் சொல்லி மாளாது.

இந்த ருசியை நம்மவர்கள் எப்போதோ கண்டுவிட்டார்கள். கேப்டன் வி. சுந்தரம் மைசூர் மகாராஜாவின் டகோட்டா விமானத்தை ஓட்டியவர். மனைவி உஷா சுந்தரம் அவருக்குத் துணை விமானி. 1951இல் சென்னை அரசு வாங்கிய டவ் விமானத்தை இருவருமாக லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் கொண்டுவந்து சாதனை படைத்தார்கள். டிக்கெட் விற்கும் விமானம் இல்லை அது. அரசாங்கத்தின் சின்ன விமானம். நினைத்தாலே புல்லரிக்கிறது.

ஏர்லைன்ஸுக்கு உரிய பெருமையையும் சொல்லத்தான் வேண்டும். ரோஸ்டர் என்கிற பணி அட்டவணை முன்கூட்டியே கையில் இருக்கும். தங்கை கல்யாணத்துக்கு நம்பி நாள் குறிக்கலாம். இப்போது வாரத்துக்கு 48 மணி நேரம் தொடர் ஓய்வு என்று விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் விதியே இருக்கிறது. வருடத்துக்கு 1,000 மணி நேரம் என்ற உச்சவரம்பை நெருங்கிப் பறப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதிகூடச் சேராது. மணிக்கணக்கு சேர்ந்தால்தானே கேப்டன் நாற்காலி! தேர்தல் வந்தால் தலைவர்களின் பிரசாரப் பயணங்களால் எங்களுக்கு ஞாயிறும் இல்லை, பண்டிகையும் இல்லை. இருக்கட்டுமே. காலையில் இறங்கிய ஊரில் சாயங்காலம்வரை காத்திருக்கிற நாளில் கோயில் பார்ப்பேன், அந்த ஊர்ச் சாப்பாட்டை ஒரு பிடி பிடிப்பேன். ஒரே நாளில் நாலு செக்டார் ஓட்டிவிட்டு ஓட்டல் அறையில் விழுவதைவிட இந்த வாழ்க்கைதான் எனக்கு உசத்தி.

திட்டக்குடி, விருத்தாசலம் பக்கத்தில் பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படிக்கிற தம்பி தங்கைகளே, 18 வயதும் 200 மணி நேரப் பறத்தலும் இருந்தால் வணிக விமானி உரிமம் வாங்கலாம். முதலில் ஏர்லைன்ஸுக்குப் போங்கள். அந்தக் கட்டுப்பாடு கையைப் பழக்கும். 1,500 மணி நேரம் சேர்த்து, கேப்டன் ஆவதற்கான ஏடிபிஎல் உரிமம் வாங்கிய பிறகு இந்தப் பக்கம் வாருங்கள், மனமார வரவேற்கிறேன். ஒன்று மட்டும் கேளுங்கள்: டிஜிசிஏ மருத்துவப் பரிசோதனையில் தேறிய பிறகே பயிற்சிப் பள்ளிக்குப் பணம் கட்டுங்கள்.