பந்து நம்மிடம்தான் இருந்தது

நாகராஜ் மஞ்சுளேவின் ‘ஜுண்ட்’ 2022 மார்ச்சில் வந்த இந்திப் படம். நாக்பூர் சேரிப் பசங்க கால்பந்து ஆடுகிற கதை. 2001இல் அங்கே சேரிப் பிள்ளைகளுக்காகக் கால்பந்து இயக்கம் தொடங்கிய விளையாட்டு ஆசிரியர் விஜய் பார்சேயின் வாழ்க்கையைத் தழுவியது. ஆசிரியராக அமிதாப் பச்சன். அம்பேத்கர் ஜெயந்தி ஆட்டம் திரை நிறைய வருகிறது. அண்ணலின் படத்துக்கு முன்னால் அமிதாப் நின்று கும்பிடுகிறார். இந்தி சினிமாவில் இது சின்ன விஷயம் இல்லை. ஆம்பூரில் தோழர்கள் ஏழெட்டுப் பேர் ஒரு வீட்டில் கூடி இதைப் பார்த்தோம், கை தட்டினோம். முடிந்ததும் ஷூ கம்பெனியில் வேலை செய்கிற தம்பி ஒருவன் கேட்டான்: ‘எல்லாம் சரிண்ணா. அவங்களுக்கு ஒரு வாத்தியாரு வந்து பந்து குடுக்குறாரு. நமக்கு யாருண்ணா குடுத்தது?’

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தப் படத்தை வாசிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் படத்தின் பலத்தைச் சொல்லிவிடுவோம். ‘ஃபன்றி’யும் ‘சைராட்’டும் எடுத்த மஞ்சுளேவுக்குச் சேரி என்பது பரிதாபப்பட வேண்டிய இடமல்ல. அந்தப் பசங்க திருடுகிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள், போதையில் கிடக்கிறார்கள். ‘நல்ல பிள்ளைகள்’ என்று சான்றிதழ் வாங்கித் தந்த பிறகுதான் நம் அனுதாபத்தைக் கேட்பேன் என்று இயக்குநர் நிற்கவில்லை. கல்லூரிக்கும் சேரிக்கும் நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவர்தான் படத்தின் உண்மையான வில்லன். பழங்குடிப் பெண் மோனிகா வெளிநாட்டுப் போட்டிக்குப் போகவேண்டும். அதற்கு அவள் யார் என்று காட்டும் காகிதம் வேண்டும். அவள் அப்பா அதற்காக அலைகிறார். சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் படியேறி இறங்கிய யாருக்கும் அந்த அலைச்சலை விளக்க வேண்டியதில்லை. இந்தப் பகுதி ஒன்றுக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

ஆனால், ஆட்டம் எங்கிருந்து வருகிறது? சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. மழையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை உதைத்துக்கொண்டிருந்த பசங்களை ஆசிரியர் பார்க்கிறார். பந்து கொடுக்கிறார். ஆடினால் காசும் கொடுக்கிறார். பின்னால் கோர்ட்டில் அவர்களுக்காகப் பேசுகிறவரும் அவர்தான். பசங்க கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அமிதாப்பை நம் கதைக்குள் இழுத்து வந்ததே ஒரு கலகம் என்று சொல்பவர்கள் உண்டு. ஒப்புக்கொள்கிறேன். பார்சே என்கிற மனிதரின் உழைப்பையும் குறைத்துச் சொல்லவில்லை. என் பிரச்சினை வேறு. ஒரு சேரியின் டீம் எப்படி உருவாகிறது என்பதை இந்தக் கதையாடல் மறைத்துவிடுகிறது. திறமை இங்கே, அறிவு அங்கே என்று பிரித்துவிடுகிறது. இந்தப் பிரிவினை நமக்குப் புதுசா என்ன?

தோல் பகுதிக்கு வருவோம். வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை – பாலாற்றை ஒட்டிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலை ஊறப்போட்டு, மயிர் நீக்கி, சதை சீவியது நம் ஆட்கள். ஆவாரம்பட்டை போய் குரோம் வந்தது, கைகள் மாறவில்லை. கால்பந்து என்பதே வெகுகாலம் தோல்தான். உலகக் கோப்பையில் முழுக்க செயற்கைப் பொருளால் ஆன பந்து வந்தது 1986இல். அதுவரை உலகமே எட்டி உதைத்தது பதனிட்ட தோலை. ஜலந்தரிலும் மீரட்டிலும் பந்து தைத்த கைகளில் பெரும்பாலானவை தலித் கைகள். தோலைத் தொட்டவன் தீண்டத்தகாதவன். அதே தோல் பந்தாகிவிட்டால் எல்லாருக்கும் பொது. இந்த வித்தையை எந்த விளையாட்டு விமர்சகர் எழுதியிருக்கிறார்?

இன்னொன்று. உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகிற ஊர் ஆம்பூர். அந்த ஊரில் நாங்கள் வெறுங்காலில் ஆடினோம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் பெரும்பாலோர் வெறுங்காலில் ஆடி, பிரான்சிடம் 2-1 என்று தோற்றார்கள். அந்த ஒரு கோலைப் போட்டவர் பெங்களூர்க்காரர் சாரங்கபாணி ராமன். அந்த வெறுங்காலைத் தேசம் பெருமையாகச் சொல்லிக்கொண்டது. எங்கள் வெறுங்காலைப் பார்த்து எவனும் பெருமைப்படவில்லை. அம்மா கம்பெனியில் ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி ஷூவுக்கு மேல்தோல் ஒட்டினாலும், ஒரு ஜோடி வீட்டுக்கு வராது.

எங்களுக்குப் பந்து யாரும் கொடுக்கவில்லை. சனிக்கிழமை வாரக்கூலி கைக்கு வந்ததும் ஆளுக்கு அஞ்சு, பத்து என்று போடுவார்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் கணக்கு. பந்து, பம்ப், என்ட்ரி பீஸ், லாரி வாடகை. தோல் ஷாப்பில் தோள்பட்டை இறங்கிப்போன ஒரு அண்ணன்தான் கோச்சு. நின்ற இடத்திலிருந்தே கத்துவார்: ‘பந்தப் பாக்காதடா, ஆளப் பாரு!’ குழுவுக்கு அம்பேத்கர் பெயர். பொங்கலுக்கும் ஏப்ரல் 14க்கும் போட்டி. அந்த நோட்டுதான் எங்கள் சங்கம், அந்த அண்ணன்தான் எங்கள் வாத்தியார்.

பதினைந்து வருஷம் முன்னால் பக்கத்து ஊரில் ஒரு தொடர். பீஸ் கட்டி, பாரத்தில் குழுவின் பெயரைத் தெளிவாக எழுதிக் கொடுத்தோம். நோட்டீஸ் வந்தது. மற்ற குழுக்களுக்கெல்லாம் பெயர் இருந்தது. எங்களுக்கு மட்டும் ‘காலனி டீம்’. கேட்டோம். ‘எல்லாம் ஒண்ணுதானப்பா, இடம் பத்தல’ என்றார்கள். எழுத்துகளை எண்ணிப் பார்க்கிற அளவுக்கு எங்களுக்குக் கோபம். அண்ணன் மட்டும், ‘ஆடலாம், ஆனா மைக்குல நம்ம பேரு வரணும். வரலன்னா எறங்க வேணாம்’ என்றார். மைக்கில் வரவில்லை. நாங்கள் இறங்கவில்லை. கட்டிய பீஸும் போச்சு. தோற்ற ஆட்டங்கள் எத்தனையோ மறந்துவிட்டன. ஆடாத அந்த ஆட்டம் மறக்கவில்லை.

‘ஜுண்ட்’ பிடிக்காமல் விட்ட இடம் இதுதான். ஜுண்ட் என்றால் கூட்டம், மந்தை. ஆசிரியர் அதை ‘டீம்’ என்று திருத்துகிறார். நம் குழுக்களோ முதலிலிருந்தே டீம்தான். மந்தை என்று, காலனி என்று எழுதியது எதிரே இருந்தவன் கை. படத்தின் உச்சம் விமானம் ஏறுவது. நம் குழுக்கள் பறப்பதற்காக ஏற்பட்டவை அல்ல, சொந்தப் பெயரோடு தரையில் நிற்பதற்காக ஏற்பட்டவை.

இந்த இடத்தில் 2024 ஜனவரியில் வந்த ஜெயக்குமாரின் ‘ப்ளூ ஸ்டார்’ நமக்கு நெருங்கி வருகிறது. 2019 வரை வேலூர் மாவட்டத்தில் இருந்த அரக்கோணம்தான் களம். ஆட்டம் மட்டும் கிரிக்கெட். இங்கே பந்து கொடுக்க வெளியாள் இல்லை. முன்னால் ஆடி அடிபட்ட மூத்தவர் இம்மானுவேலிடமிருந்து ஆட்டமும் பெயரும் அடுத்த தலைமுறைக்கு வருகின்றன. சேரிக் குழு அப்படித்தான் பிழைத்திருக்கிறது. ஆனால் இந்தப் படத்துக்கு ஒரு அவசரம். நகரத்து மேட்டுக்குடி அணியிடம் பட்ட அவமானத்தில் ஊரும் சேரியும் ஒரே அணியாகிவிடுகின்றன. மைதானத்தில் கை கோத்தவர்கள் தெருவில் கை கோத்தார்களா? படம் அதற்குள் முடிந்துவிடுகிறது.

வியாசர்பாடியில் 1997இல் அந்தப் பகுதி இளைஞர்களே குடிசைப் பிள்ளைகளுக்குக் கால்பந்தும் படிப்பும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். நாக்பூர் இயக்கத்துக்கு நாலு வருஷம் முன்னால். சுவரைத் தாண்டி யாரும் வரவில்லை. அந்தக் கதைக்கு அமிதாப் கிடைக்கமாட்டார் என்பதால் அது கதையில்லாமல் போய்விடுமா?

தம்பிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: யாரும் குடுக்கலடா, நாமளே வாங்குனோம். அதற்குக் கணக்கு நோட்டு இருக்கிறது. ஆனால் அந்த நோட்டுகள் பரண்மேல் செல்லரிக்கின்றன. கோப்பைகள் துருப்பிடிக்கின்றன. கோச்சுகள் இருமி இருமிச் செத்துக்கொண்டிருக்கிறார்கள். நமது எழுத்தாளர்கள் சேரியின் சாவையும் சண்டையையும் எழுதிய அளவுக்கு அதன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களை எழுதவில்லை. நானும்தான் எழுதவில்லை. அவரவர் ஊர்க் குழுவின் நோட்டை இறக்கிப் படியுங்கள், பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள்.

அந்த நோட்டீஸ் வந்த மறு வருஷம் ஏப்ரலில் நாங்களே ஒரு தொடர் நடத்தினோம். அந்த ஊர்க் குழுவுக்கும் அழைப்பு அனுப்பினோம். அவர்கள் வரவில்லை. ஆனாலும் நோட்டீஸில் அவர்கள் பெயரை, அவர்கள் வைத்துக்கொண்ட மாதிரியே, முழுசாக அச்சடித்திருந்தோம்.