தொட்டில் தொங்கும் வீடு யாருடையது?

குழந்தைக்கென்று ஓர் அறையை ஒதுக்கி, சுவருக்கு வண்ணமடித்து, நிலவும் நட்சத்திரமும் ஒட்டிவைத்துக் காத்திருக்கும் வழக்கம் சென்னையின் அடுக்ககங்களுக்கும் கொழும்பு வெள்ளவத்தையின் மாடிவீடுகளுக்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் வந்து சேர்ந்தது. அதற்கு முன்பு இரு நாட்டிலும் வீட்டில் பிள்ளைக்குத் தனியறை கிடையாது. தாயின் பக்கம்தான் அதன் இடம். ஆனால் அந்தத் தாய் எந்த வீட்டில், யாருடைய கவனிப்பில் படுத்திருந்தாள் என்பதில் தமிழ்நாட்டுக்கும் ஈழத்துக்கும் பெரிய வேறுபாடு இருந்தது. பிறப்பை ஒட்டிய சடங்குகள் பலவற்றுக்கு வேர் அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் இரு கரைக்கும் பொதுவான ஒன்று. பிள்ளை பிறக்குமுன் அதற்கென்று எதையும் வாங்கக் கூடாது, வெறுந்தொட்டிலை ஆட்டக் கூடாது என்று மதுரையில் பாட்டிமார் சொன்னதைத்தான் யாழ்ப்பாணத்தில் அம்மம்மாமாரும் சொன்னார்கள். பிறந்த பிள்ளைக்கு முதலில் சுற்றுவது புதுத்துணியாக இராது. துவைத்துத் துவைத்து மெதுவான பழைய வேட்டியோ நூல்சேலையோதான். அந்தத் துணி உறுத்தாது என்பது ஒரு காரணம். பிள்ளை தங்குமோ தங்காதோ என்ற அச்சம் இன்னொன்று. பிறக்கும் குழந்தைகளில் பல ஓராண்டைத் தாண்டாத காலத்தில் உருவான எச்சரிக்கை இது. ஆனால் தமிழ்நாட்டில் உயிருடன் பிறந்த 1000 குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறந்தவை 13 என்கிறது இந்திய அரசின் 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கு. இலங்கையில் அது பத்துக்கும் கீழே. முன்கூட்டியே தொட்டில் வாங்கத் துணிவு வந்ததற்குக் கடைகளைவிடத் தடுப்பூசிக்கும் மருத்துவமனைப் பிரசவத்துக்கும்தான் நாம் நன்றி சொல்ல வேண்டும்.

அறைக்கு என்ன நிறம் அடிப்பது என்ற கேள்வியில்கூட இரு நாடுகளும் பிரிகின்றன. கருவின் பாலினத்தைச் சொல்வது இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். ஆகவே அங்கே பிறப்பதற்கு முன் தயாராகும் அறை மஞ்சளோ பச்சையோ வெள்ளையோதான். இலங்கையில் பல தாய்மார் ஸ்கான் எடுக்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். நீலமும் இளஞ்சிவப்பும் முன்கூட்டியே வாங்கப்படுகின்றன. அந்தச் சட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் குழந்தையை வரவேற்கும் பெருவிழா வளைகாப்பு. ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படை மாதத்தில், கைகொள்ளாமல் கண்ணாடி வளையல் அடுக்கி, கன்னத்தில் சந்தனம் பூசி, புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று கலந்த சாதங்கள் படைத்து, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். விழாவின் சாரம் அந்தக் கடைசிச் செயலில்தான் இருக்கிறது. மணமாகிக் கணவன் வீட்டுக்குப் போனவள் தலைப்பிரசவத்துக்குத் தாயிடம் திரும்புகிறாள். மாமியார் வீட்டில் காலை நீட்டி உட்கார முடியாதவளுக்குச் சில மாதம் ஓய்வு வாங்கித் தரும் ஏற்பாடு அது. ஊரைக் கூட்டி, விருந்து வைத்து, எவரும் மறுக்க முடியாதபடி வாங்கித் தருகிறது.

யாழ்ப்பாணத்தில் பழைய குடும்பங்களில் வளைகாப்பு பெரும்பாலும் இருந்ததில்லை. இன்று மண்டபம் எடுத்துச் செய்வது தமிழ்நாட்டுச் சினிமாவும் சின்னத்திரையும் கொண்டுவந்த பழக்கம். பழைய வழக்கில் அது இல்லாததன் காரணத்தை யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமாக 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில் தேடலாம். அந்த வழக்கில் சீதனம் என்பது பெண்ணின் பெயரில் எழுதப்படும் வீடும் வளவும் காணியும். தாய்க்கு வந்த சீதனம் மகளுக்குப் போகும். மணமான பின் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இதே முறைதான் இன்றும் வலுவாக இருக்கிறது. தன் வீட்டிலேயே, தாய் கூப்பிடு தூரத்தில் இருக்க வாழ்பவளை எங்கிருந்து எங்கே அழைத்துப் போவது? புறப்பாடு இல்லாத இடத்தில் புறப்பாட்டுக்கான விழாவும் இல்லை. ஈழத்துக் கொண்டாட்டம் பிள்ளை பிறந்த பிறகே தொடங்குகிறது.

பிள்ளைப்பேற்றுக்குப் பின் அடுக்களையில் இரு கரையும் மறுபடி சேர்கின்றன. தமிழ்நாட்டில் பிரசவ லேகியம், பூண்டுக் குழம்பு, பால் ஊறுவதற்குச் சுறாப்புட்டு. யாழ்ப்பாணத்தில் பத்தியக் கறி: கொத்தமல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் எல்லாவற்றையும் சரக்காக அரைத்து, சிறு மீனோடு கொதிக்கவிட்டு, மிளகாய்த்தூள் சேராமல் இறக்குவார்கள். அந்த மணம் வந்தாலே அந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது என்று அயலுக்குத் தெரிந்துவிடும். குளிப்பாட்டுவதும் ஒன்றேதான். வயதான ஒரு பெண் இரு காலையும் நீட்டி உட்கார்ந்து, காலின் மேல் பிள்ளையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, பயத்தம்மாவு பூசி இளஞ்சூட்டு நீர் ஊற்றுவார். கன்னத்தில் கருப்புப் பொட்டு. தமிழ்நாட்டில் திருஷ்டி சுற்றிப் போடுவார்கள், ஈழத்தில் நாவூறு கழிப்பார்கள்.

பிறந்தவுடன் வாயில் எதை வைப்பது என்பதில் மட்டும் இரு நாட்டுப் பெரியவர்களும் தங்கள் கையைக் கொஞ்சம் தடுத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் சேனை தொட்டு வைப்பது உண்டு. குடும்பத்தில் நற்குணமுள்ள ஒருவர் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் வைத்தால் அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. சிங்கள மக்களிடம் தாய்ப்பாலில் பொன்னை உரைத்து உதட்டில் தடவும் வழக்கம் இருக்கிறது. அன்பால் செய்வதுதான். ஆனால் தேன் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு நஞ்சாக மாறக்கூடியது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே பெறுவோர் இலங்கையில் 2016 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 82. இந்தியாவில் 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 64. இந்த இடைவெளியில் வீட்டுப் பழக்கத்துக்கும் பங்குண்டு, அதைத் திருத்த யார் வீடுவரை வருகிறார்கள் என்பதற்கும் பங்குண்டு.

இனி தொட்டில். தமிழ்நாட்டில் தூளி என்றும் ஏணை என்றும், யாழ்ப்பாணத்தில் ஏணை என்றும் சொல்வது அம்மாவின் பழைய சேலையில் கட்டியதைத்தான். துணி மூடிக்கொண்டு மூச்சு முட்டாமல் இருக்கக் குறுக்கே ஒரு தொட்டில் கம்பு. ஓட்டு வீட்டில் அதை வளையிலும் விட்டத்திலும் கட்டினார்கள். கான்கிரீட் வந்தபின் தமிழ்நாட்டுக் கொத்தனார்கள் தளம் போடும்போதே தொட்டிலுக்கென்று ஓர் இரும்புக் கொக்கியைப் பதித்துவிடுகிறார்கள். வீடு கட்டும் நாளிலேயே அதில் ஒரு பிள்ளை ஆடப்போகிறது என்று எண்ணிவைக்கும் அந்தக் கொக்கியை எந்தச் சுவரொட்டியைவிடவும் நான் பெரிதாக மதிக்கிறேன். ஈழத்துக் குழந்தைப் படுக்கையில் தவறாமல் இருப்பது குடைபோல் விரியும் சிறு நுளம்பு வலை. டெங்கு ஆண்டுதோறும் வரும் நாட்டில் அதைவிட அவசியமான அலங்காரம் கிடையாது.

பெயர்சூட்டலும் தீட்டுக் கழித்தலும் தமிழ்நாட்டில் சாதிக்கும் ஊருக்கும் ஏற்பப் பதினொன்று, பதினாறு, முப்பது என்று நாள் மாறும். ஈழத்துச் சைவ வீடுகளில் அது முப்பத்தொன்று. அன்றைக்குத் துடக்குக் கழித்து, பல வீடுகளில் பிள்ளைக்குத் தலைமயிர் வழித்து, காப்பும் சங்கிலியும் போடுவார்கள். அந்தச் சங்கிலியில் தொங்கும் பஞ்சாயுதத்தைச் சற்று அருகில் பார்க்க வேண்டும். விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய பொன்தகட்டில் சங்கு, சக்கரம், வாள், வில், கதை ஐந்தும் பொறித்திருக்கும். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலும் கொழும்புச் செட்டியார் தெருவிலும் இன்றைக்கும் கேட்டு வாங்கலாம். தமிழரைப் போலவே சிங்களவரும் தம் பிள்ளைகளுக்கு இதை அணிவிக்கிறார்கள். மணிமேகலையில் குழந்தைகள் அணிந்திருக்கும் ஐம்படை இதுதான். தமிழ்நாட்டில் பெரும்பாலும் நூல்களோடு நின்றுவிட்ட அணி, ஈழத்தில் இரண்டு இனத்துப் பிள்ளைகளின் கழுத்திலும் கிடக்கிறது. பெரும் போர் நடந்த நாட்டில் இது சின்னச் செய்தி என்று நான் நினைக்கவில்லை.

முதல் பல் முளைத்ததும் ஈழத்தில் பல்லுக்கொழுக்கட்டை. அரிசிமாவைத் தட்டி, பயறும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் உள்ளே வைத்து மூடி, தேங்காய்ச் சொட்டைச் சிறு பற்களாக நறுக்கி விளிம்பில் பதிப்பார்கள். பிள்ளையை இருத்தி, தலையில் வெள்ளைத்துணி போர்த்தி, மூத்த பெண்ணொருவர் கொழுக்கட்டைகளை மெல்ல மேலே கொட்டுவார். முன்னால் புத்தகம், பேனை, நகை, காசு பரப்பியிருக்கும். பிள்ளை எதை எடுக்கிறது என்று வீடே குனிந்து பார்க்கும். தமிழ்நாட்டில் பல ஊர்கள் இதை அறியா. அங்கே அந்த இடத்தை நிரப்புவது தாய்மாமன் சீர். குலதெய்வக் கோயிலில் மாமன் மடியில் இருத்தி மொட்டையடித்துக் காது குத்தும்போது, பெண்ணைக் கொடுத்த வீடு இன்னும் அவளுக்குப் பின்னால் நிற்கிறது என்று ஊரறியச் சொல்லப்படுகிறது. பெண் தன் வீட்டிலேயே இருக்கும் சமூகத்துக்கு அதை அவ்வளவு உரக்கச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

தொட்டிலைப் பற்றிப் பேசிவிட்டு 1992ஐச் சொல்லாமல் போக முடியாது. அந்த ஆண்டில் தமிழ்நாட்டு அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பெண்குழந்தையைக் கொல்லாதீர்கள், இந்தத் தொட்டிலில் விட்டுவிடுங்கள் என்று அரசே கேட்க வேண்டியிருந்தது. பாலினத்தைச் சொல்லத் தடை வந்ததும் இதே துயரத்தால்தான். இலங்கையில் பிறப்புப் பாலின விகிதம் இயல்பாகவே இருந்துவருகிறது. சீதனச் சுமை யாழ்ப்பாணத்துத் தகப்பன்மாரின் முதுகையும் வளைத்திருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் வீடு மகளுக்கே என்ற இடத்தில் மகள் பிறப்பது வீட்டின் தொடர்ச்சியாகிறது. தொட்டில் தொங்கும் வீடு யாருடையது என்று நான் கேட்பது இதற்காகத்தான்.

அரசு வரவேற்கும் முறையிலும் இரு நாடுகள் இரு வழி. தமிழ்நாடு கையில் கொடுக்கிறது. 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி இன்று 18,000 ரூபாய். 2015 முதல் அரசு மருத்துவமனையில் பிறக்கும் பிள்ளைக்குத் துண்டு, உடை, மெத்தை, கொசுவலை, கிலுகிலுப்பை, தாய்க்குச் சுண்டி லேகியம் உட்பட 16 பொருள் கொண்ட பெட்டகம். ஏழைத் தாயின் குழந்தைக்கும் புதுத்துணியும் விளையாட்டுச் சாமானும் உண்டு என்று ஓர் அரசு சொல்வது பெரிய காரியம். இலங்கை வாசலுக்கு வருகிறது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழியாக வளர்ந்த மருத்துவமாது சேவையில், பிள்ளை பிறந்து முதல் பத்து நாளுக்குள் இருமுறை மிட்வைஃப் வீட்டுக்கு வர வேண்டும். பால் குடிக்கிறதா, தொப்புள் காய்ந்ததா, தாய் அழுகிறாளா என்று பார்ப்பார். தமிழ்நாட்டிலும் கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கிறார்கள், உண்மையாகவே உழைக்கிறார்கள். ஆனால் ஒருவர் பார்க்க வேண்டிய மக்கள் அதிகம்.

இவ்விரு நாட்டையும் ஒரே வாழ்வில் சுமந்தவர்கள் மலையகத் தமிழர். தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்குப் போன அவர்களிடம் வளைகாப்பும் மாமன் சீரும் தொடர்ந்தன. ஆனால் அவர்கள் குடியிருந்த லயத்துக் காம்பரா தோட்டத்துடையது, தாயினுடையதும் அல்ல, தகப்பனுடையதும் அல்ல. கொழுந்து பறிக்கப் போகும் தாய் கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போவாள். வரிசையாகச் சேலைத் தொட்டில்கள், பார்த்துக்கொள்ள ஓர் ஆயா. நம் மக்களில் பிள்ளைக்கென்று தனியறை முதலில் கிடைத்தவர்களுள் இவர்களும் உண்டு. அந்த அறை தாயைப் பிள்ளையிடமிருந்து பிரித்து வேலைக்கு அனுப்புவதற்காக எழுந்தது.

அறையை அழகாக்குவதை நான் குறை சொல்லவில்லை. ஆசையோடு அடிக்கும் வண்ணமும் அன்புதான். நகரத்துச் சிறு வீட்டில், உதவிக்கு ஆளில்லாமல், பலூன் தோரணத்தின் கீழ் தனியாக விழித்திருக்கும் தாயைப் பற்றித்தான் என் கவலை. வளைகாப்பு நடத்துகிறோம், பெண்ணுக்கு ஓய்வு கிடைக்கிறதா? முப்பத்தொன்றுக்கு மண்டபம் பிடிக்கிறோம், முப்பது நாளும் பத்தியம் வைக்க ஒருவர் இருந்தாரா? இந்தியச் சட்டம் 2017 முதல் முதலிரு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்புத் தருகிறது. இலங்கைத் தனியார் துறையில் அது 84 நாள்தான். அதைக் கூட்டக் கேட்பது இலங்கைத் தமிழரின் வேலை. வீட்டு வாசலுக்கு வரும் செவிலியரின் எண்ணிக்கையைக் கூட்டக் கேட்பது தமிழ்நாட்டாரின் வேலை.

சடங்கை ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. எடுக்கும்போது அதன் வேலையையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்தார் வளைகாப்போடு தாய்க்கு ஓய்வு வாங்கித் தரும் அக்கறையை எடுத்துக்கொள்ளட்டும். தமிழ்நாட்டார் பஞ்சாயுதத்தோடு மகளுக்கு வீடெழுதும் வழக்கத்தையும் எடுத்துக்கொள்ளட்டும். பிள்ளைக்கு அறை ஒதுக்குபவர்கள், அதே அறையில் தாய்க்குத் துணையாக இரவில் படுக்கப்போகிறவருக்கும் ஒரு பாய் விரிக்க இடம் விட்டுவைக்க வேண்டும்.