சாளரச் சார்புகள்: பள்ளிகளும் அளவுகோல்களும்

தனித்த ஃபூரியர் உருமாற்றம், தன்னிடம் வந்த குறிகைத் துண்டு முடிவின்றித் திரும்பத் திரும்ப வருவதாகவே எடுத்துக்கொள்கிறது. துண்டின் கடைசியும் முதலும் பொருந்தாவிட்டால் அங்கே ஒரு தாவல் விழும். ஒரே அதிர்வெண்ணின் ஆற்றல் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கசியும். ஓரங்களைப் படிப்படியாகத் தணித்து இந்தக் கசிவை அடக்குவதே சாளரத்தின் வேலை.

எதையும் தணிக்காத செவ்வகமும் ஒரு சாளரம்தான். அதன் அலைமாலையில் கசிவாக எழும் முதல் பக்க மடல், நடு உச்சமான முதன்மை மடலைவிட 13 டெசிபல் மட்டுமே தாழ்ந்தது. பலத்த ஒலிக்கு அருகிலுள்ள மெல்லிய ஒலி அதில் மறைந்துபோகும்.

அடுத்து, கொசைன் பள்ளி. ஆஸ்திரிய வானிலையாளர் யூலியுஸ் ஃபான் ஹான் பெயரில் வழங்குவது ஹான் சாளரம். பெல் ஆய்வகத்து ரிச்சர்ட் ஹாமிங் பெயரில் இன்னொன்று. பெயரும் உருவமும் நெருங்கியிருப்பதால் ஒன்றுக்கு மற்றொன்றை எடுத்துவைப்பவர்கள் பலர், அது சரியல்ல. ஹாமிங் 0.54, 0.46 என்ற கெழுக்களால் முதல் பக்க மடலை ஏறக்குறைய அழித்துவிடுகிறது. மிக உயர்ந்த பக்க மடலே சுமார் 43 டெசிபல் கீழே நிற்கிறது. ஆனால் அதன் ஓரம் சுழியைத் தொடுவதில்லை, 0.08இல் நின்றுவிடுகிறது. அந்தச் சிறு தாவலால் தொலைமடல்கள், தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபல் வீதமே தணிகின்றன. ஹானுக்கு முதல் மடல் 31 டெசிபல்தான் கீழே. ஆனால் தணிவு 18 டெசிபல் வீதம். இடைஞ்சல் அருகிலென்றால் ஹாமிங், தொலைவிலென்றால் ஹான் என்பது என் துணிபு.

பிளாக்மன் சாளரம் பக்க மடலை 58 டெசிபல் கீழே நிறுத்துகிறது. விலையாக முதன்மை மடல் செவ்வகத்தைப்போல் மும்மடங்கு அகலும். அருகருகே உள்ள இரு அதிர்வெண்கள் அதில் ஒன்றாகிவிடும். கசிவுக்கும் அகலத்துக்குமான இந்தப் பேரத்தை ஒரே அளபுருவால் திருப்பிக்கொள்ள வைத்தவர் ஜேம்ஸ் கைசர். பக்க மடல்களையெல்லாம் ஒரே உயரத்தில் நிறுத்தும் டால்ஃப்–செபிஷேவ் வழி, 1946இல் ஆன்டெனா வரிசைகளுக்காகப் பிறந்தது.

இவற்றையெல்லாம் ஒரே அட்டவணையில் நிறுத்தி அளந்தது ஃபிரெட் ஹாரிஸ் 1978இல் எழுதிய கட்டுரை. பக்க மடலோடு இரைச்சல் அகலத்தையும், இரு அதிர்வெண் கட்டங்களுக்கு நடுவே விழும் உச்சத்தின் இழப்பையும் அவர் ஒப்பிட்டார். அந்த இழப்பு செவ்வகத்தில் 3.9 டெசிபல், ஹானில் 1.4. வீச்சைத் துல்லியமாக அளப்பவருக்கு, முதன்மை மடலின் உச்சியைத் தட்டையாக்கி இந்த இழப்பைக் குறைக்கும் தட்டைமுடிச் சாளரமே உரியது.

அலைமாலை வரைபடம் வெளியிடுவோர் சாளரத்தின் பெயரையும் நீளத்தையும் அருகிலேயே குறிக்க வேண்டும். அவையின்றி வரைபடத்து உச்சங்களின் உயரங்களை ஒப்பிட முடியாது.