கிரெகோரி பலமாஸ் கூறும் தெய்வாநுபவம்

கிறித்து சமயத்து இறைநூல் நம்பிக்கையையும் வாதத்தையுமே கூறும், அநுபவத்தைக் கூறாது என நம்மவருட் சிலர் கருதுவர். அன்னார், கிரெகோரி பலமாஸ் (1296–1359) என்னுந் துறவியார் 1338 முதல் 1341 வரை கிரேக்க மொழியில் இயற்றிய, மும்மூன்றாய் அமைந்த ஒன்பது கட்டுரைகளை நோக்குவாராக.

அதோஸ் மலைத் துறவிகள் மூச்சை அடக்கி, தலை தாழ்த்தி, இயேசுவின் திருப்பெயரை இடையறாது செபித்து ஓர் ஒளியைக் கண்டனர். தாபோர் மலையிற் சீடர் கண்ட ஒளியே அஃதென்பது அவர் கொள்கை. கலாபிரியாவினின்றும் போந்த பார்லாம் என்னும் அறிஞர், அவரைக் கொப்பூழில் உயிர் வைத்தார் என நகையாடினார். இறைவன் சொரூபம் அறியவொண்ணாதாகலின் கண்ட ஒளி படைக்கப்பட்டதே என்பதும், படைப்பினின்று இறைவனை அநுமித்தலே நமக்கு இயல்வதென்பதும் அவர் வாதம். நகையாட்டை ஒழித்து நோக்கின், இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. துறவி நுகர்ந்தது இறைவனையோ, இறைவன் படைத்த ஒரு பொருளையோ என்பதன்றோ வினா?

பலமாஸ் கூறும் விடையாவது: சொரூபம் என்றும் எட்டாது, அதனின்று புறப்படும் ஆற்றல்களோ படைக்கப்படாதன, அவற்றைப் பெற்றவன் இறைவனையே பெற்றவனாவன், கதிரைப் பெற்றவன் ஞாயிற்றைப் பெற்றாற்போல. 1341-இல் கான்ஸ்டாண்டிநோபிளிற் கூடிய சங்கம் பார்லாம் கொள்கையை மறுத்தது. 1351-இல் கூடிய சங்கம் பலமாஸ் கொள்கையை நிலைநாட்டிற்று.

இஃது ஓரிறையை இரண்டாக்கும் என அகிந்தினோஸ் என்பார் நிகழ்த்திய தடை மட்டும் ஒழிந்தபாடில்லை. பிரிவின்றி வேறாமாற்றைப் பலமாஸ் இந்நூலிற் பெரும்பாலும் உவமையாலும் முன்னோர் வாக்காலும் காட்டிச் செல்கின்றார். சத்திக்குஞ் சத்திமானுக்குந் தாதான்மியங் கூறும் நம் நூல்களைக் கற்றார்க்கு இந்நெகிழ்ச்சி நன்கு புலனாம்.

அதுபற்றி அவர் கூறும் ஆற்றலும் நாம் கூறும் சத்தியும் ஒன்றெனத் துணிதலும் ஆகாது. ஒப்புமை எழுதுவார்க்கு இத்துணிவு எளிதிற் கைவருகின்றது! அவர்க்கு உயிர் இன்மையினின்று படைக்கப்பட்டது, நமக்கோ அநாதி. படைக்கப்பட்ட உயிர் அருளாற் படைக்கப்படாத தன்மையை எய்தும் என்கின்றார். தோற்றமுடையது தோற்றமின்மையை எய்துமாறு யாங்ஙனம்? மலமறைப்பு நீங்க உயிர் தன் இயல்பில் விளங்கும் என்பார்க்கு இவ்விடர் இல்லை.

எனினும் ஒன்று பாராட்டற்பாலது. அவ்வொளியைக் காண்பது கண்ணின் இயற்கை வலியன்று, அருளால் மாற்றப்பெற்ற காட்சி என்பதும், உடம்பும் அப்பேற்றிற் பங்குபெறும் என்பதும் அவர் துணிபு. உடம்பை இழித்துரைத்த பார்லாமுக்கு இதனினும் தக்க மறுமொழி அந்நூலில் வேறில்லை. 1983-இல் வெளிவந்த ஆங்கிலப் பெயர்ப்பு தேர்ந்தெடுத்த பகுதிகளையே உடையது. மூலத்தை முற்றும் பிரெஞ்சுப் பெயர்ப்போடு காண விழைவார் 1959-இல் மேயெண்டார்ஃப் பதிப்பித்ததனைக் கொள்க.