தமிழ்ப்பள்ளி ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் தாய்மொழி இலக்கணத்தின் இடம்: ஒரு மதிப்பீடு

மலேசியத் தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டில் சேரும் குழந்தை தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளையும் ஒருசேரக் கற்கத் தொடங்குகிறது. பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா தமிழ்ப்பள்ளியாயினும் கிள்ளான் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளியாயினும் இந்நிலை பொதுவானதே. இக்குழந்தைக்கு ஆங்கிலம் கற்பிக்கவிருக்கும் ஆசிரியரை எவ்வாறு உருவாக்குகிறோம் என்பதை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. ஆசிரியர்களுக்கு அதற்கென மொழிப்பயிற்சியும் அளிக்கப்பட்டது. 2009-இல் அத்திட்டத்தைக் கைவிட அரசு முடிவு செய்தது. பின்னர் வந்த 2015–2025 ஆங்கிலக் கல்விச் சீர்திருத்தத் திட்டம், ஆங்கில ஆசிரியர் ஐரோப்பியப் பொது அளவீட்டில் சி1 நிலையை எட்டவேண்டும் என வகுத்தது. இவ்வெதிர்பார்ப்பு நியாயமானதே. ஆயின், ஆங்கிலத்தை அறிந்திருத்தல் வேறு. குழந்தை எம்மொழிகளின் வழியாக ஆங்கிலத்தை அடைகிறது என்பதை அறிந்திருத்தல் வேறு. முன்னதற்குத் தரப்பட்ட அழுத்தம் பின்னதற்குத் தரப்படவில்லை என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ என்றும் ‘புக்’ என்பதைப் ‘புக்கு’ என்றும் ஒலிக்கும் குழந்தையை எடுத்துக்கொள்வோம். மெய் தனித்து மொழிக்கு முதலாகாது, வல்லின மெய் மொழிக்கு இறுதியாகாது என்னும் தமிழ் மரபே இங்குச் செயற்படுகிறது. ‘சி’ என்னும் உரோமன் எழுத்து மலாயில் ‘ச்’ ஒலியையே தரும். ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் ‘க்’ அல்லது ‘ஸ்’ ஆகும். எனவே, மலாய் எழுத்துக்கூட்டிப் பழகிய குழந்தை ஆங்கிலச் சொல்லில் தடுமாறுவது இயல்பு. ‘பத்துப் புத்தகம்’ என ஒருமையில் கூறத் தமிழ்ப் பேச்சுவழக்கும் மலாயும் இடந்தருவதால், ஆங்கிலப் பன்மை விகுதி எளிதில் விடுபடுகிறது.

எனினும், எல்லாப் பிழைகளையும் தாய்மொழியின்மேல் சுமத்துதல் பொருந்தாது. 1957-இல் இராபர்ட் லாடோ மொழிகளை ஒப்பிடுவதன்வழி கற்போரின் இடர்ப்பாடுகளை முன்னுணரலாம் என்றார். 1967-இல் பிட் கார்டர், பிழைகள் கற்பவரின் வளர்நிலையைக் காட்டும் சான்றுகள் என விளக்கினார். ‘கோ’ என்னும் வினைக்கு ‘கோட்’ என இறந்தகால வடிவம் படைப்பது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளிடமும் காணப்படுவதே. ஆகவே, பிழையின் மூலத்தைப் பிரித்தறியும் திறனே ஆசிரியருக்கு வேண்டற்பாலது.

லெம்பா பந்தாயில் அமைந்த ஆசிரியர் கல்விக் கழகத்தின் அனைத்துலக மொழிகள் வளாகமும் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையும் ஒன்றற்கொன்று அண்மையில் உள்ளவை. இவ்விரண்டும் இணைந்து மும்மொழி ஒப்பீட்டுப் பாடமொன்றை வகுக்கலாம். பயிற்சி ஆசிரியர் கற்பித்தல் பயிற்சியின்போது ஒரு வகுப்பின் பிழைகளைத் திரட்டி, தமிழ்வழி வந்தவை, மலாய்வழி வந்தவை, வளர்நிலைக்குரியவை என வகைப்படுத்துதல் அதன் செய்முறையாகலாம். தமிழறியாத பயிற்சி ஆசிரியருக்கும் இப்பாடம் பெரிதும் பயன்படும்.

மொழிமுதல், மொழியிறுதி எழுத்துகளை இலக்கண வகுப்பில் மனனம் செய்த ஓர் ஆசிரியர், ஆங்கில வகுப்பில் ‘இஸ்கூல்’ என்னும் குழந்தையை ‘மந்தமானவள்’ எனக் குறிப்பாராயின், பழுது குழந்தையிடத்தில் இல்லை. அவர் பெற்ற இரு கல்விகளுக்கும் இடையிலுள்ள சுவரில் உள்ளது. அச்சுவரை அகற்றுதல் ஆசிரியப் பயிற்சியின் கடமையாகும்.